நான்கு சிலிண்டர் மோட்டார் சைக்கிள்: ஒரு திறனாய்வு

கவிதையையும் நாவலையும் திறனாய்வு செய்பவர்கள் நம்மிடையே பலர் உண்டு. திரைப்படத்தைத் திறனாயாதவர் எவரும் இல்லை. ஓர் எஞ்சினைத் திறனாய்வு செய்யப் போகிறேன் என்றால் மட்டும் வாசகர்கள் வியப்படையக்கூடும். எஞ்சினும் ஒரு படைப்புத்தான். யாரோ சிலர் அமர்ந்து சிந்தித்து, சிலவற்றை வேண்டும் என்று சேர்த்து, சிலவற்றை வேண்டாம் என்று விலக்கி உருவாக்கியது அது. எதைச் சேர்த்தார்கள், எதை விலக்கினார்கள், ஏன் என்று கேட்பதுதானே திறனாய்வு? அக்கேள்விகளுக்கு விடை காண இலக்கணம் தேவையில்லை; மேல்நிலை வகுப்பு இயற்பியல் போதும்.

நாம் எடுத்துக்கொள்ளும் படைப்பு, ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1969-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சி.பி. 750 என்னும் மோட்டார் சைக்கிள். இன்று அது ஐம்பது வயதைத் தாண்டிய பழைய வண்டி. அதைத் தேடிப் பிடித்துச் சீர்செய்து, கூர்மைப்படுத்தி, பந்தயத்தில் ஓட்டுபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். செங்கற்பட்டில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. 1997-இல் பிரிக்கப்படும்வரை இருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் எல்லைக்குள்தான் சோழவரம் விமான ஓடுபாதையும் இருந்தது, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையும் இருந்தது. தமிழ்நாட்டு மோட்டார் பந்தய வரலாற்றின் பெரும்பகுதி இந்த மண்ணில் நடந்தது. இன்னொரு காரணம் மகிழ்ச்சி தருவதன்று. ஞாயிறு விடியற்காலையில் மாமல்லபுரம் சாலையில் நின்று பார்த்தவர்களுக்கு அது தெரியும். அதைப் பின்னர் சொல்கிறேன்.

நான்கு சிலிண்டர் என்பது ஹோண்டாவின் கண்டுபிடிப்பு அன்று. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1905-இலேயே நான்கு சிலிண்டர்களை முன்பின்னாக வரிசைப்படுத்தி ஒரு வண்டி செய்தது. இங்கிலாந்தில் எட்வர்ட் டர்னர் வடிவமைத்த ஏரியல் ஸ்கொயர் ஃபோர், நான்கையும் சதுரமாக அடுக்கி 1931 முதல் விற்பனைக்கு வந்தது. பின்னிரு சிலிண்டர்களுக்குக் காற்று போய்ச் சேராமல் சூடேறுவது அதன் தீராத நோய். சிலிண்டர்களைக் குறுக்காக, அதாவது வண்டியின் அகலவாக்கில், வரிசைப்படுத்தி எல்லாவற்றுக்கும் சமமாகக் காற்று படச் செய்த வழியை இத்தாலியின் கிலேராவும் எம்.வி. அகஸ்டாவும் உலகப் பந்தயங்களில் நிலைநாட்டின. ஆனால் அவை பந்தய வீரர்களுக்கென ஒன்றிரண்டாகச் செய்யப்பட்டவை. கடையில் பணம் கட்டி வாங்கி, விசையை அழுத்திக் கிளப்பி, அலுவலகத்துக்கு ஓட்டிப் போகக்கூடிய நான்கு சிலிண்டர் வண்டியைப் பெருந்தொகையாகச் செய்தது சி.பி. 750-இல்தான் நடந்தது.

எதற்காக நான்கு? ஒரே பெரிய சிலிண்டர் போதாதா? இக்கேள்விக்கு நம் கண்முன்னே உள்ள ஒரு வண்டியை வைத்து விடை காண்போம். சென்னையில் தயாரான பழைய 350 புல்லட்டை அறியாதவர் இல்லை. அதன் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 90 மி.மீ. சி.பி. 750-இல் விட்டம் 61 மி.மீ., ஓட்டம் 63 மி.மீ. புல்லட்டின் எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 முறை சுழலும்போது பிஸ்டனின் சராசரி வேகம் எவ்வளவு? ஒரு சுழற்சிக்கு மேலும் கீழுமாக 180 மி.மீ.; கணக்கிட்டால் வினாடிக்கு 16.5 மீட்டர். ஹோண்டா 8,000 முறை சுழலும்போது அதே கணக்கில் 16.8 மீட்டர். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே! ஒன்று நிதானமாகவும் மற்றொன்று வெறிபிடித்தும் ஓடுவதாக நம் காதுக்குத் தோன்றுகிறது. பிஸ்டனைக் கேட்டால் இரண்டும் ஒரே வேகந்தான் என்று சொல்லும்.

பிஸ்டன் வேகம் ஒன்றாக இருக்குமானால், எரிவளியின் சராசரி அழுத்தமும் ஒன்றாக இருக்குமானால், திறன் என்பது பிஸ்டனின் பரப்பளவைப் பொறுத்தது. அழுத்தம் பெருக்கல் பரப்பு, விசை. விசை பெருக்கல் வேகம், திறன். இதில் புதிதாக ஒன்றுமில்லை. புல்லட்டின் பிஸ்டன் பரப்பு 38.5 சதுர செ.மீ. ஹோண்டாவின் நான்கு பிஸ்டன்களும் சேர்ந்து 117 சதுர செ.மீ. மும்மடங்கு. பழைய புல்லட் 18 குதிரைத்திறன் தந்தது; ஹோண்டா 67 தந்தது. இது 3.7 மடங்கு. மும்மடங்குக்கு மேற்பட்ட மிச்சம் எங்கிருந்து வந்தது? புல்லட்டின் அமுக்க விகிதம் ஏறத்தாழ ஆறரை, ஹோண்டாவினது ஒன்பது. மூச்சு வாங்கும் வழியும் ஹோண்டாவில் செம்மையானது. ஆக, இந்த வண்டியின் மாயம் என்று பேசப்படுவதில் பெரும்பங்கு வெறும் பரப்பளவுதான். மிச்சமுள்ள சிறு பங்குதான் கூர்மைப்படுத்துபவனின் களம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பெரிய சிலிண்டரில் இந்தப் பரப்பைக் கொண்டுவர முடியாதா என்றால், பெரிய பிஸ்டனுக்கு எடை கூடும். நீண்ட ஓட்டமும் வேண்டும். ஓட்டம் நீளமானால் சுழற்சியைக் குறைத்தாக வேண்டும். 8,000 சுழற்சியில் ஹோண்டாவின் பிஸ்டன் உச்சியில் திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 2,800 மடங்கு. 200 கிராம் எடையுள்ள பிஸ்டன் அக்கணத்தில் 560 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இணைப்புத் தண்டை இழுக்கிறது. சுழற்சியை 9,500-ஆக உயர்த்தினால் இந்த விசை 41 விழுக்காடு கூடிவிடும். ஏனெனில் அது சுழற்சியின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. பந்தயக்காரர்கள் சுழற்சிமானியின் முள்ளை மட்டும் பார்க்கிறார்கள். இணைப்புத் தண்டு இருமடியைப் பார்க்கிறது.

இனி ஓசை. புல்லட்டின் ‘டப் டப்’ என்னும் ஓசைக்கு அடிமையானவர்கள் நம் நாட்டில் ஏராளம். நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரு சுழற்சிக்கு ஒருமுறை வெடிக்கிறது. 900 சுழற்சியில் நின்று ஓடும் புல்லட் வினாடிக்கு ஏழரை முறை வெடிக்கும். நம் செவி அவற்றைத் தனித்தனி அடியாகக் கேட்கிறது. வினாடிக்கு இருபதைத் தாண்டினால்தான் அடிகள் இணைந்து ஒரு சுரமாகும். நான்கு சிலிண்டர் எஞ்சின் 1,000 சுழற்சியில் நிற்கும்போதே வினாடிக்கு 33 வெடிப்பு. ஆகவே அது நிற்கும்போதும் முனகுகிறது, தட்டுவதில்லை. 8,000-இல் 267 அதிர்வு. ஆர்மோனியத்தின் நடுப் பகுதியில் ஒரு கட்டையை அழுத்துங்கள், அந்த உயரம். ஓசையைக் கேட்டே சுழற்சியைச் சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்கள் அறியாமல் அதிர்வெண் அளந்துகொண்டிருக்கிறார்கள்.

இப்படைப்பில் நான் மிகவும் மதிப்பது அதன் அடக்கத்தை. 1960-களில் ஹோண்டா உலகப் பந்தயங்களில் ஓட்டிய நான்கு சிலிண்டர் வண்டிகளில் இரட்டைக் கேம் தண்டு, சிலிண்டருக்கு நான்கு வால்வு என எல்லா ஆடம்பரமும் இருந்தன. யோஷிரோ ஹராதா தலைமையில் சி.பி. 750-ஐ வடிவமைத்தவர்களுக்கு அவையெல்லாம் கைவந்த கலை. ஆயினும் அவர்கள் ஒற்றைக் கேம் தண்டும் சிலிண்டருக்கு இரண்டே வால்வும் போதும் என்றார்கள். பல துண்டுகளை அழுத்திப் பொருத்திய கிராங்க் தண்டை விட்டு, ஒரே துண்டாக வார்ப்படித்து அடித்த தண்டை ஐந்து தாங்கிகளில் படுக்கவைத்தார்கள். தீப்பொறிக்கு நான்கு தனி ஏற்பாடு வைக்காமல் இரண்டே சுருள். ஒவ்வொன்றும் இரண்டு பிளக்குகளில் ஒரே நேரத்தில் பொறியைத் தரும். ஒன்று எரிவளியைக் கொளுத்தும். மற்றொன்று கழிவுப் புகையில் வீணாகும். வீணாவதை அறிந்தே வீணாக்கியிருக்கிறார்கள்; அதனால் உறுப்புகள் பாதியாயின. திறமையைக் காட்டாமல் விடுவதற்கும் திறமை வேண்டும்.

அதிர்வு பற்றி ஒன்று. நான்கு பிஸ்டன்களில் இரண்டு ஏறும்போது இரண்டு இறங்குவதால் முதன்மை விசைகள் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. இணைப்புத் தண்டு சாய்வதால் எழும் இரண்டாம் படி விசைகள் மட்டும் நீங்காமல் நான்கும் கூடிவிடும். அவை சுழற்சியைப் போல் இருமடங்கு வேகத்தில் அடிப்பவை. எஞ்சினை அவை அசைப்பது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஓரிரு பங்குதான். ஆனால் ஒரு மணி நேரம் வேகமாக ஓட்டினால் உள்ளங்கை மரத்துப்போகும். ‘அதிர்வே இல்லாத வண்டி’ என்ற புகழ்ச்சியில் இவ்வளவு கழிவு உண்டு.

இந்த இடத்தில் நம் பாடநூல்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான்கு வீச்சு எஞ்சினுக்கு நம் மாணவர்கள் நான்கு படங்கள் வரைகிறார்கள். பிஸ்டன் உச்சியை அடைந்ததும் உள்வால்வு திறக்கும். அடியை அடைந்ததும் மூடும். எந்த வண்டியிலும் அப்படி நடப்பதில்லை. 8,000 சுழற்சியில் உறிஞ்சும் வீச்சுக்குக் கிடைக்கும் நேரம் வினாடியில் ஆயிரத்தில் நான்கு பங்குகூட இல்லை. காற்றுக்கும் நிலைமம் உண்டு. கதவைத் திறந்ததும் ஓடி வராது. ஓடத் தொடங்கிய பின் மூடினாலும் நில்லாது. ஆகவே உள்வால்வைப் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே திறக்கிறார்கள். பிஸ்டன் அடியைத் தொட்டு மேலே திரும்பிய பின்னும் திறந்தே வைக்கிறார்கள். மாலையில் பட்டறையில் வேலை செய்துகொண்டு பகலில் என் வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவருக்கு இது விரல் நுனியில் இருக்கிறது. தேர்வுத்தாளில் அதை எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்று அஞ்சி, தான் அறிந்ததை மறைத்து, நூலில் உள்ள படத்தை வரைகிறார். பட்டறையில் ஒரு எஞ்சின், கல்லூரியில் ஒரு எஞ்சின் என்று இரண்டு எஞ்சின்களை அவர் மனத்தில் ஓட்ட வேண்டியிருக்கிறது. படத்தின் கீழே ‘நிலைமத்தின் காரணமாக வால்வுகள் சற்று முன்னும் பின்னும் இயங்கும்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்தப் பிளவு தோன்றியிராது.

பாடநூலைக் குறை கூறினால் பட்டறை மகிழும். பட்டறைக்கும் ஒன்று சொல்லவேண்டும். திறனைக் கூட்டுவதாகச் சொல்லி நம் பட்டறைகளில் முதலில் செய்வது சைலன்சரைக் கழற்றுவது அல்லது உள்ளிருப்பதை வெட்டி எறிவது. மேல்நிலை வகுப்பில் ஒத்ததிர்வுக் காற்றுத்தம்பச் சோதனை செய்தவர்கள் சற்று எண்ணிப் பாருங்கள். புகைவால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. திறந்த முனையை அடைந்ததும் அது தாழ்வழுத்த அலையாகத் தலைகீழாகத் திரும்புகிறது. உள்வால்வு திறக்கும் நேரத்தில் அது வந்து சேருமானால் மீதிப் புகையை இழுத்துப்போட்டுப் புதுக் காற்றுக்கு வழிவிடும். சூடான புகையில் அலையின் வேகம் வினாடிக்கு 500 மீட்டர் என்று கொள்வோம். 8,000 சுழற்சியில் அரைச் சுழற்சி நேரத்துக்குள் அது போய்வர வேண்டுமானால் குழாயின் நீளம் ஏறத்தாழ 90 செ.மீ. இருக்க வேண்டும். 4,000 சுழற்சியில் அதே அலை வேளை தவறி வரும். ஆகவே குழாயின் நீளம் என்பது எந்த வேகத்தில் திறன் வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு விடை. கண்ட இடத்தில் வெட்டியவன் அந்த விடையை அழித்துவிட்டுத் தெருவை எழுப்புகிறான். ஓசை கூடியதால் திறன் கூடியதாக நினைக்கிறான். செவி அளக்கும் கருவி அன்று என்று இங்கே சொல்லலாமா? மேலே அதையே அதிர்வெண்மானி என்று புகழ்ந்தேன். அதிர்வெண்ணை அளக்கும், திறனை அளக்காது என்று திருத்திக்கொள்வோம்.

உண்மையான கூர்மைப்படுத்தல் எங்கே தொடங்குகிறது? நான்கு கார்புரேட்டர்களில். தம்புராவுக்கு நான்கு தந்தி. மூன்று சேர்ந்து ஒன்று சேராவிட்டால் பாட்டு முழுவதும் கெட்டுவிடும் என்பது கச்சேரிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். சி.பி. 750-இன் நான்கு கார்புரேட்டர்களும் அப்படித்தான். தொடக்க வண்டிகளில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி; ஒரு கம்பி சற்று நீண்டால் அந்தச் சிலிண்டர் குறைவாக உண்ணும்; மற்ற மூன்றும் அதையும் சுமந்துகொண்டு ஓடும். நான்கு உள்குழாய்களிலும் ரப்பர் குழாய் செருகி, நான்கு பாதரசக் கம்பங்களுடன் இணைத்து, எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும்வரை திருகுகளைத் திருப்புவார்கள். எங்கள் ஆய்வகத்தில் உள்ள மானோமீட்டரின் உறவினன்தான் அது. ஒரு வண்டிக்கு இரண்டு மணி நேரம் பொறுமையாக இதைச் செய்தால் கிடைக்கும் பயன், விலை கொடுத்து வாங்கிப் பூட்டும் பல உறுப்புகளால் கிடைக்காது.

அடுத்து ஜெட். பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையைத்தான் ஜெட் என்கிறோம். வெளிநாட்டுக் கையேட்டில் இருக்கும் எண்ணை அப்படியே பொருத்துவது நம்மவர் வழக்கம். அந்தக் கையேட்டை எழுதியவர்களின் காற்று வேறு, மாமல்லபுரத்துக் காற்று வேறு என்பதை யாரும் எண்ணுவதில்லை. நாம் எண்ணிப் பார்ப்போம். தர அளவாகக் கொள்ளும் காற்று 15 பாகை செல்சியஸ், ஈரமற்றது. நம் கடற்கரையில் 35 பாகை என்று கொள்ளுங்கள். வெப்பநிலை ஏறியதால் மட்டும் அடர்த்தி 6.5 விழுக்காடு குறைகிறது. ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 4 விழுக்காட்டை நீராவி பிடித்துக்கொள்கிறது. நீராவி எரிய உதவாது. இரண்டையும் சேர்த்தால், ஒவ்வொரு மூச்சிலும் எஞ்சினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் 10 விழுக்காடு குறைவு. 67 குதிரைத்திறன் இங்கே வந்து நிற்கும்போதே 60-ஆகிவிட்டது! பட்டறை ஒரு மாதம் உழைத்துக் கூட்டக்கூடியதைக் கடற்காற்று கேட்காமலே எடுத்துக்கொள்கிறது.

சரி, பெட்ரோலும் அதே அளவு குறையுமா? அதுதான் இல்லை. கார்புரேட்டரின் கழுத்தில் ஏற்படும் அழுத்தக் குறைவு காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. துளைவழி ஓடும் பெட்ரோலோ அந்த அழுத்தக் குறைவின் இருமடி மூலத்தைப் பொறுத்தது. ஈரக்காற்றின் மொத்த அடர்த்தி 8 விழுக்காடு குறைந்தால் பெட்ரோல் 4 விழுக்காடுதான் குறையும். ஆக்சிஜன் 10 குறைந்து, பெட்ரோல் 4 குறைந்தால் கலவை ஏறத்தாழ 7 விழுக்காடு கொழுத்துவிடும். பிளக்கில் கரி படியும், எஞ்சின் மந்தமாகும். துளையின் பரப்பை அதே அளவுக்குக் குறைக்க வேண்டும். விட்டத்தில் சொன்னால் மூன்றரை விழுக்காடு. கெய்ஹின் ஜெட்டின் எண் அதன் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கில் சொல்வது. 110 இருந்த இடத்தில் 106 வேண்டும். கடையில் கிடைப்பது 105. கொஞ்சம் இளைத்த கலவை எஞ்சினைச் சூடேற்றும் என்பதால் முதலில் 108-ஐப் பொருத்தி, பிளக்கின் நிறம் பார்த்து இறங்குவது அறிவுடைமை. தை மாதத்து விடியலில் சரியாக இருந்த வண்டி சித்திரை நண்பகலில் சோர்வது ஏன் என்பதற்கும் இதுவே விடை. ஆடி ஓடி நாலு மெக்கானிக்குகளை மாற்ற வேண்டியதில்லை.

சிலிண்டர் தலையில் காற்று நுழையும் வழியை அரத்தால் தேய்த்து அகலமாக்குவது அடுத்த ஆசை. மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் கேட்கும் தெருக்களில் நடந்தால் கவனித்துப் பாருங்கள். சிற்பி எடுக்க வேண்டிய கல்லைவிடக் குறைவாகவே எடுத்துக்கொண்டு வருகிறார். வெட்டிய கல்லை ஒட்ட முடியாது. சிலிண்டர் தலையின் அலுமினியமும் அப்படியே. வழி அகலமானால் காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் மேலே சொன்ன நிலைமத்தின் உதவி போய்விடும். உயர் சுழற்சியில் இரண்டு குதிரை கூடி, நடுச் சுழற்சியில் நான்கு குதிரை குறைந்த எஞ்சின்கள் எல்லா ஊர்ப் பட்டறைகளிலும் உண்டு.

இந்த வண்டியின் பந்தய வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகள் பெயர் பெற்றவை. 1969-இல் பிரான்சின் போல் தோர் என்னும் 24 மணி நேரப் பந்தயத்தில் அது வென்றது. 1970-இல் அமெரிக்காவின் டேட்டோனா 200 மைல் பந்தயத்தில் டிக் மான் என்பவர் அதன் பந்தய வடிவில் வென்றார். வெற்றியை எல்லாரும் எழுதினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மற்ற ஹோண்டாக்கள் பந்தயத்தை முடிக்கவில்லை என்பது. கேம் தண்டை ஓட்டும் செயினை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் பகுதி, பந்தயத்தின் வெப்பத்திலும் வேகத்திலும் சிதைந்தது. மானின் எஞ்சினும் இறுதிச் சுற்றுகளில் தளர்ந்துகொண்டே வந்தது. அவர் அதை அடித்து விரட்டாமல், தாங்கும் அளவுக்கே ஓட்டிக் கரை சேர்த்தார். ஐந்து தாங்கி கொண்ட கிராங்க் தண்டு உடையவில்லை. யாரும் படம் பிடித்துப் போடாத, உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் துண்டு தோற்றது. சாலை வேகத்துக்குப் போதுமென்று செய்ததைப் பந்தய வேகத்துக்கு இழுத்தால் எது முதலில் கைவிடும் என்பதை எந்தக் கையேடும் முன்கூட்டிச் சொல்லாது.

நம் ஊர்ப் பந்தயங்களுக்கு வருவோம். சோழவரத்தில் இருந்தது இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை. 1980-களின் இறுதிவரை அங்கே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சீறின. விமானத்துக்கு வேண்டியது நீண்ட நேர்கோடு. ஆகவே அங்கே வென்றது பெரும்பாலும் குதிரைத்திறன். திருப்பத்தில் வண்டியைச் சாய்க்கும் கலைக்கு இடம் குறைவு. பந்தயமாக அது ஒருபக்கச் சார்புடையது என்பேன். அங்கே ஓடிய நம் நாட்டு வண்டிகள் ஒன்றிரண்டு சிலிண்டர் கொண்டவையே. நான்கு சிலிண்டர் வண்டி இறக்குமதித் தடைகளால் நமக்கு எட்டாக் கனியாக இருந்தது. 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைப் பாதை 3.7 கி.மீ. நீளமும் பல வகைத் திருப்பங்களும் கொண்டது. எஞ்சினையும் சட்டத்தையும் டயரையும் ஓட்டுபவனையும் ஒன்றாகச் சோதிப்பது. கோவையில் 2021 முதல் ஒரே வகை இரட்டைச் சிலிண்டர் வண்டிகளுக்கான, பழைய பாணியிலான பந்தயமும் தொடங்கிற்று. அதில் எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் பணம் பேசுவது குறையும்; எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஆனால் நம் இளைஞர்களில் பலர் தேர்ந்தெடுப்பது இந்தப் பாதைகளை அன்று. கோவளம், திருவிடந்தை வழியாக மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையை. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்தைப் போலீசார் சொல்லட்டும். நான் கணக்கைச் சொல்கிறேன். வேகமாகச் செல்லும் வண்டி பெரும்பாலும் காற்றோடு போராடுகிறது. அதற்கு வேண்டிய திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். பட்டறையில் பாடுபட்டுத் திறனை 10 விழுக்காடு கூட்டினால் உச்ச வேகம் 3 விழுக்காடு கூடும், 180 கி.மீ. போன வண்டி 186 போகும். ஒரு கிலோமீட்டர் நேர்கோட்டில் மிச்சமாவது வினாடியில் மூன்றில் இரு பங்கு. பந்தயப் பாதையில் அது பொன். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் முப்பது கிலோமீட்டரில் அதை வைத்து என்ன செய்வது?

இழப்பைப் பாருங்கள். உராய்வுக் கெழு 0.7 என்று தாராளமாகக் கொள்வோம். கண் கண்டு கை பிரேக்கை அழுத்த ஒரு வினாடி. 100 கி.மீ. வேகத்தில் வண்டி நிற்க 84 மீட்டர் வேண்டும். 160 கி.மீ. வேகத்தில் 188 மீட்டர். கடற்கரைச் சாலையில் சவுக்குத் தோப்புகளுக்கு இடையே காற்று மணலை வாரிப் போடுகிறது. மணல் படிந்த இடத்தில் கெழு பாதியானால், 160-இல் நிற்க 330 மீட்டருக்கு மேல் ஆகும். அந்த நீளத்துக்குள் ஒரு பேருந்து நிறுத்தமும், இரண்டு இளநீர்க் கடைகளும், மீன் கூடையோடு சாலையைக் கடக்கும் ஒரு பெண்மணியும் இருப்பார்கள். அவருக்கு எந்தப் பந்தயத்திலும் பங்கு இல்லை. வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்ட நாளில், பின்வரிசையில் ஒருவர் ‘சார், அந்த 188-ஐச் சாலையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டலாமா?’ என்று கேட்டார். கல்லூரி மைதானத்திலேயே அளந்தோம். மைதானத்தின் நீளம் போதவில்லை.

படைப்பின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முன் சக்கரத்தில் வட்டத்தகட்டு பிரேக் வைத்தது 1969-இல் துணிவான செயல். ஆனால் அந்தத் தகடு துருப்பிடிக்காத எஃகு; மழையில் நனைந்தால் முதல் சில கணங்கள் பிடிக்காது. நம் ஐப்பசி மழையில் இதை மறந்து ஓட்டலாகாது. எரிபொருள் இல்லாமலே 218 கிலோ எடை. திருப்பத்தில் அது தன் எடையை மறைக்க முயல்வதில்லை. பின் சக்கரத்தை ஓட்டும் செயின் தொடக்க வண்டிகளில் இந்த எஞ்சினுக்கு ஈடுகொடுக்கத் திணறியது. எஃப்.என். வண்டி 1905-இலேயே செயினை விட்டுத் தண்டு வழியாகச் சக்கரத்தை ஓட்டியது என்பதை நினைத்தால், இங்கே அடக்கம் சற்று அதிகமாகிவிட்டது என்றே தோன்றுகிறது.

இன்று இத்தகைய வண்டியை வைத்திருப்பவருக்குப் புதிதாக ஒரு சிக்கலும் உண்டு. 2021-இல் வெளியான மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். அதற்கு வண்டி தன் மூல வடிவில் இருக்க வேண்டும். சட்டத்திலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அரம் பிடித்துக் காற்றுவழியை அகலமாக்கிய வண்டி பந்தயத்துக்குப் போகலாம், இந்தப் பதிவுக்குப் போக முடியாது. பாதரசக் கம்பம் பார்த்துக் கார்புரேட்டர்களைச் சமன்செய்து, ஜெட்டை மாமல்லபுரத்துக் காற்றுக்கு ஏற்ப மாற்றி, பழைய ஜெட்டுகளை ஒரு சிறு டப்பாவில் போட்டு வைத்திருப்பவர் இரண்டுக்கும் போகலாம்.